கொஞ்சம் கொஞ்சமாக வீடு திரும்பிய கண்டக்டர்

சென்னையில் சூளைப் பக்கம் எங்கள் தெருவுக்கு வந்து கண்டக்டர் வீடு எது என்று கேட்டால் யார் வேண்டுமானாலும் கை காட்டுவார்கள், கை காட்டியதோடு நில்லாமல் கூடவே வாசல் வரைக்கும் வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, கண்டக்டர் ஏகாம்பரம் எப்படிக் காணாமல் போனார், எப்படித் திரும்பி வந்தார் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போவார்கள், ஆளுக்கொரு மாதிரி சொல்வார்கள், எல்லாமே பாதி தப்பாக இருக்கும். நான் எதிர்வீட்டுக்காரி. எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் அவர்கள் வீட்டுக் கூடமும் அதைத் தாண்டி அடுப்பும் தெரியும். அதனால் என்னிடம் கேட்டுக்கொள்வதுதான் நல்லது.

ஏகாம்பரம் ஒரு ஆயுசு முழுக்கப் பாரிமுனைக்கும் வடபழனிக்கும் நடுவே பஸ்ஸில் நின்றுகொண்டே வாழ்ந்தவர், இந்த ஊரில் பாதிப் பேரை உள்ள போ உள்ள போ என்று முதுகில் கைவைத்துத் தள்ளியவர், தும்மினால் தெருவே அதிர முருகா என்று சேர்த்துத் தும்முகிறவர், இரும்பு விசில் தொலைந்துபோன ஒரு நாளில் நாக்கை மடித்து வாயாலேயே விசில் அடிக்கப் பழகி அதற்கப்புறம் இரும்பைத் தொடாதவர். இரண்டு குட்டி விசில், மூன்றாவது ஒன்று வாலை இழுத்துக்கொண்டு போகும். தெருமுனையில் அந்த வால் கேட்டால் நாயகியக்கா உள்ளே சோற்றை வடிப்பாள். நாயகியக்கா என்றால் அவர் மனைவி, முழுப்பெயர் தெய்வநாயகி, அந்தப் பெயரில் அவளைக் கூப்பிட்டது ரேஷன் கடைக்காரர் மட்டும்தான்.

ரிட்டையராகிக் கொஞ்ச காலம் கழித்து ஒரு நாள் அவருக்கு விசில் வரவில்லை, உதட்டைக் குவித்தார், வெறும் காற்றுதான் வந்தது, பல் போனதால் இருக்கும் என்று விட்டுவிட்டோம். பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறிக் கத்துகிற மனுஷன் ஒரு நாள் தோளில் விழுந்த பல்லியை எறும்பைத் தட்டுகிற மாதிரி தட்டிவிட்டார், இந்த வயசுல தைரியம் வந்துருச்சு பாரு என்று நாயகியக்கா என்னிடம் பெருமையாகச் சொன்னாள், நானும் சிரித்தேன். அவரிடமிருந்து ஏதோ போகிறது என்று எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. அப்புறம் ஒரு காலையில் முகம் மழித்துக்கொண்டு, காக்கிச் சட்டையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, டூட்டிக்குப் போகிறேன் என்று கிளம்பினார். டீ குடிக்கப் போவதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்து, திரும்பி வரச்சொல்ல பால் வாங்கினு வா என்று அக்கா சொல்லி அனுப்பினாள். அவர் வரவில்லை.

தேடாத இடமில்லை. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம், சுவர் சுவராக அவர் படத்தை ஒட்டினோம், பஸ் டெப்போ, கோயில் வாசல், ஆஸ்பத்திரி, சொல்லக் கூசும் இடங்கள் எல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். மகன் மோகனவேல் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, பாவம் லீவு போட்டுப் போட்டு அலைந்தான். மகள் ஹேமாவதி வீட்டோடு இருந்தவள், புருஷன் வீட்டுக்கும் அவளுக்கும் ஒத்துவராமல் எப்போதோ திரும்பி வந்துவிட்டாள், வேப்பேரியில் ஒரு கண் டாக்டரிடம் சாயங்காலம் டோக்கன் கொடுக்கிற வேலை. பகலெல்லாம் அவளும் அலைந்தாள்.

வருஷம் திரும்பிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. காணாமல் போனவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லையென்றால் தர்ப்பைப் புல்லில் ஓர் ஆள் செய்து, அதற்கு அவருடைய வேட்டியைச் சுற்றி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கொள்ளி வைத்துவிடுவார்கள், அன்றைக்கே அந்த வீட்டம்மாள் பொட்டை அழித்துத் தாலியைக் கழற்றிவிட வேண்டும், அதற்கப்புறம்தான் அந்தக் குடும்பத்தில் நல்ல காரியம் எதையும் தொடலாம். மோகனவேலின் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்திருந்தது. சம்பந்தி வீட்டார் நல்லவர்கள், ஆனால் அந்த ஒன்றை முடித்துவிடுங்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். மோகனவேலும் தலையைக் குனிந்துகொண்டுதான் அம்மாவிடம் வந்து சொன்னான்.

"புல்லுக் கட்ட கொளுத்திட்டு நான் எதுக்குடா பொட்ட அழிக்கணும்?" என்றாள் நாயகியக்கா. "அவரு இல்லன்னு எனக்குத் தெரியட்டும். தெரிஞ்ச அன்னிக்கி நீ சொல்லவே வேணாம், நானே அழிச்சிக்கிறேன். அதுவரைக்கும் இந்தப் பேச்ச எடுக்காத."

எங்களுக்கெல்லாம் அக்காமேல் கொஞ்சம் கோபம்தான். பேத்தி கல்யாணத்தைவிட ஒரு குங்குமம் பெரிசா என்று நானே வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன். எனக்கு நாக்கு நீளம், அவளுக்கும் தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் சௌகார்பேட்டையில் ஹேமா அந்த விசிலைக் கேட்டாள். மின்ட் தெரு நெரிசலில், கைவண்டிக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றவளுக்குப் பின்னால், இரண்டு குட்டி விசில், மூன்றாவது வாலை இழுத்துக்கொண்டு போனது. திரும்பினால் நைனா இல்லை, அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். மளிகைக்கடை வாசலில் முக்காலி போட்டு ஒரு சேட்டுத் தாத்தா, தலையில் பெரிய சிவப்பு முண்டாசு, கையில் மோர் டம்ளர், அவர்தான் அடித்தார், அடித்துவிட்டு அவரே வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"மன்னிக்கணும் பேட்டி," என்றார், மகளே என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். "நமக்கு விசில் வராது. சின்ன வயசில்கூட வராது. இப்போ கூட்டத்தப் பார்த்தா தானா வருது. பேத்தி சிரிக்கறா, மருமக கோவிக்கறா. நான் என்ன செய்ய?"

ஹேமா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இன்னொரு தடவை அடியுங்கள் தாத்தா என்றாள். அவர் அடித்தார். அவள் அழுதாள். ஏன் அழுகிறாள் என்று கேட்காமல் அவர் மோரைக் கொடுத்தார், அப்புறம் ஒரு பேடாவைக் கொடுத்தார், அப்புறம் கேட்டார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் இது என்னுடையது இல்லை, உங்கள் வீட்டுப் பொருள், நான் வந்து உங்கள் அம்மாவிடம் காட்டுவதுதான் முறை என்று முண்டாசை எடுத்துச் சரியாகக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். தெருமுனையில் அந்த வால் கேட்டதும் நாயகியக்கா பழைய பழக்கத்தில் உலையைப் பார்க்க எழுந்து, எழுந்தவள் பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அதற்கப்புறம் ஹேமா நைனாவைத் தேடுவதை விட்டுவிட்டு வயதானவர்களைத் தேட ஆரம்பித்தாள். பாரிமுனை, பூக்கடை, மூலக்கொத்தளம், ராயபுரம் என்று கால் போன போக்கில் நடந்து, பஸ் ஸ்டாண்டு பெஞ்சு, பார்க், மருந்துக்கடை வாசல் என்று எங்கே தலை நரைத்தவர்கள் உட்கார்ந்திருந்தாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஊர்க்கிழவர் கிழவிகளுக்குப் பேச ஆள் கிடைத்தால் விடுவார்களா, ஒருத்தர் தன் மூட்டு வலியைச் சொன்னார், ஒருத்தி தன் இரண்டு மருமகள்களில் யார் பரவாயில்லை என்று தீர்ப்பு கேட்டாள், ஒருத்தர் ஹேமாவுக்கே மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பினார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, இவர்களில் யாரிடமாவது நைனாவோடது ஏதாவது தலைகாட்டாதா என்று காத்திருந்தாள்.

புரசைவாக்கம் டாணா தெருப் பக்கம் மிஸஸ் டொரத்தி என்று ஒரு ஆங்கிலோ இந்தியப் பெரியம்மா, சட்டைக்காரி என்போம், பூப்போட்ட கவுன், கையில் குடை, அந்தம்மா தெருவே அதிரத் தும்மிவிட்டு, தும்மலோடு சேர்த்து "முருகா" என்றார். சொல்லிவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார். "எனக்கே ஷேம் ஷேமா இருக்குது மை டியர்," என்றார் ஹேமாவிடம். "சர்ச்சில் வருது. ஃபாதர்கிட்ட சொன்னேன். மெதுவா சொல்லிக்கோங்க, யாரும் கேக்க மாட்டாங்கன்னார். தும்மல மெதுவா எப்படித் தும்மறது?" காசிமேட்டில் எல்லப்பன் என்று ஒரு கடலோடி, புயலில் படகு கவிழ்ந்து ராத்திரி முழுக்கக் கட்டையைப் பிடித்து மிதந்தவராம், அந்த மனுஷன் கொஞ்ச காலமாகப் பல்லியைப் பார்த்தால் மேஜைமேல் ஏறிவிடுகிறார் என்று குப்பமே சிரித்தது. அயனாவரத்தில் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர் கோயில் வரிசையில் முன்னால் நின்றவர்கள் முதுகில் கைவைத்து உள்ள போ உள்ள போ என்று தள்ளி, நாலு பேரிடம் திட்டு வாங்கியிருந்தார்.

எல்லோரும் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். வந்தவர்களைப் பார்த்து யாரும் மயங்கி விழவில்லை, எங்கள் தெருவில் தண்ணீர் லாரி சொன்ன நேரத்துக்கு வந்தால்தான் மயங்கி விழுவோம். ஆட்டோ டேவிட் தும்முகிறவர், இருமுகிறவர் எல்லோரையும் சவாரி ஏற்றிக்கொண்டு வந்து இறக்க ஆரம்பித்தான், அக்கா கதவைத் திறந்து ஒரு பார்வை பார்த்து, இது அவரோடது இல்ல, டீ குடுத்து அனுப்பு என்பாள். ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார், காணாமல் போனவரில் தும்மல் மட்டும் கிடைத்தது என்றால் கேஸை முடிக்கிறதா வேண்டாமா என்று தலையைச் சொறிந்தார், அக்கா கொடுத்த வடையைத் தின்றுவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்து வருகிறார் என்று மேலே சொல்லிக்கொள்கிறேன் என்று போனார். கோடி வீட்டுப் பொம்மி ஹேமாவைத் தனியாகக் கூப்பிட்டு, "எம் புருசன் ஓடிப்போனானே, அவனோடது எதுனா யார்கிட்டனா இருந்தா அங்கயே இருக்கட்டும், இங்க கூட்டினு வந்துராத தாயே" என்று சொல்லிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் எல்லோருக்கும் அக்கா வீட்டில்தான் சாப்பாடு என்று ஆகிவிட்டது. சேட்டுத் தாத்தா ஓரமாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவார், எல்லப்பன் கொண்டுவந்த வஞ்சிரம் வறுபடும்போது மூக்கைப் பொத்திக்கொள்வார், ஆனால் ஒரு ஞாயிறும் தவறவிட மாட்டார். டொரத்தியம்மா தும்மினால் எல்லோரும் சேர்ந்து முருகா என்பார்கள். தலைமையாசிரியர் பந்தியை உள்ள போ உள்ள போ என்று நெருக்கி உட்காரவைப்பார். கண்டக்டர் இந்த வீட்டில் முழு ஆளாக இருந்த காலத்தில்கூட இவ்வளவு சத்தமாக இருந்ததில்லை. நாயகியக்கா குளித்து, பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு, ஓடி ஓடிப் பரிமாறினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து வந்த மோகனவேல் தெருவில் நுழையும்போதே விசிலைக் கேட்டு, பையைப் போட்டுவிட்டு நைனா நைனா என்று ஓடினான். கூடத்தில் சேட்டுத் தாத்தாவைப் பார்த்தான். மற்றவர்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தான். வாசற்படியில் உட்கார்ந்து சின்னப் பையன் மாதிரி அழுதான், சேட்டுத் தாத்தா வந்து முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"இது நைனா இல்லம்மா," என்றான்.

"நைனா இல்லதான். நைனாவோடது," என்றாள் அக்கா. "கை கழுவிட்டு வா. எல போட்டாச்சு."

அவன் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. சாப்பிட்டான், போகும்போது டொரத்தியம்மா காலில் விழுந்துவிட்டுப் போனான்.

சைதாப்பேட்டை நமச்சிவாயம் வராமலே இருந்திருந்தால் இப்படியே இன்னும் கொஞ்ச காலம் போயிருக்கும். ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பார்க்கில் அவரை ஹேமா பார்த்தாள், பார்த்தாள் என்பதைவிட அவர்தான் அவளைப் பார்த்தார். ஒல்லியான மனுஷன், சலவை செய்த சட்டை, பறவைகளுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தவர் அவள் முகத்தையே உற்றுப் பார்த்து, "அம்மா, உனக்கு ஒரு பக்க ரிப்பன் அவுந்து தொங்கும், சரியா?" என்றார்.

ஹேமாவுக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். தனக்குப் பிள்ளை குட்டி கிடையாது, கல்யாணமே செய்துகொள்ளவில்லை, ஆனால் கொஞ்ச நாளாக ஒரு ஞாபகம் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது, பள்ளிக்கூட வாசலில் ஒரு பெண்குழந்தை, முதல் நாள், ஒரு ரிப்பன் அவிழ்ந்து அழுகிறது, அந்தப் பக்கம் போன பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கண்டக்டர் இறங்கி ஓடிப்போய் ரிப்பனைக் கட்டிவிடுகிறான், பஸ்ஸில் இருக்கிற ஜனம் கத்துகிறது, அவனுக்கு ரிப்பன் கட்டத் தெரியவில்லை, முடிச்சு போட்டு வைக்கிறான், குழந்தை சிரித்துவிடுகிறது. "யாரோட கொழந்தையோ தெரியல. ஆனா அத நெனச்சா எனக்கு ஒரு மகள் இருக்கற மாதிரி இருக்கு. தினம் ரெண்டு மூணு வாட்டி நெனச்சுப் பாத்துக்குவேன்," என்றார்.

ஹேமா அவரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள், கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நைனாவின் பழக்கமெல்லாம் கிடைத்தது போதாதென்று நைனாவின் பாசமே கிடைத்துவிட்டதாக அவள் நினைத்தாள். நமச்சிவாயம் அதே கதையை நாயகியக்காவிடம் சொன்னார். அக்கா கேட்டாள், காபி போட்டுக் கொடுத்தாள், தெருமுனை வரை போய் வழியனுப்பினாள். திரும்பி வந்து மகளை உட்காரவைத்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் நான் மிக்ஸியைக்கூட நிறுத்திவிட்டேன்.

"ஹேமா, அப்போ அவரு உன்ன மறந்துட்டாரு," என்றாள்.

"இன்னாம்மா சொல்ற?"

"யோசிச்சுப் பாரு. விசிலு சேட்டுகிட்ட போனது எப்போ? இங்க அவருக்கு நின்னுபோனப்போ. பல்லி பயம் அந்தக் காசிமேட்டு அண்ணன்கிட்ட போனது எப்போ? இவரு தோள்மேல வுழுந்தத தட்டி வுட்டாரே, அப்போ. ஒண்ணொண்ணும் இவர விட்டுப் போய்தான் அங்க உக்காருது. எங்கயோ ஒரு எடத்துல உக்காந்துகினு காலியாகிக்கினே வராருடி உங்க நைனா. நாமதான் ஒண்ணொண்ணா வந்துச்சு வந்துச்சுன்னு சோறு போட்டுக்கினு இருக்கோம்."

ஹேமா விரல்விட்டு ஒவ்வொன்றாக எண்ணினாள். அப்புறம், "எல்லாமே வந்துருச்சாம்மா?" என்று கேட்டாள்.

"ஒண்ணு வரல. எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிஞ்சது ஒண்ணு. அது யார்கிட்டயும் வராத வரைக்கும் அவரு அத வச்சிக்கினு எங்கயோ உக்காந்துனு இருக்காரு. உசுரோட இருக்காரு."

அது என்ன என்று ஹேமா கேட்டாள், சண்டை போட்டுக் கேட்டாள். சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள் அக்கா. "சொன்னா நீ தேடுவ. நீ தேடலன்னா இந்தத் தெரு தேடும். அந்த எதிர்வூட்டுக்காரி மொதல்ல தேடுவா." என்னைத்தான் சொன்னாள். ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

அதிலிருந்து தெரு மாறிவிட்டது. கொண்டுவந்து சேர்த்த ஜனமே தடுக்க ஆரம்பித்தது. தெருமுனை டீக்கடை சம்சுதீன் பாய் வெளியே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார், நரைத்த தலை எது தெருவுக்குள் திரும்பினாலும் வாங்க பெரியவரே என்று கூப்பிட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, எங்கிருந்து வருகிறீர்கள், யாரைப் பார்க்க வேண்டும், சமீபத்தில் உங்களுக்கே புதிதாக ஏதாவது பழக்கம் வந்ததா என்று விசாரித்துத் திருப்பி அனுப்பினார். என் சொந்தத் தாய்மாமனைக்கூட அரைமணி நேரம் நிறுத்திவைத்துவிட்டார். டேவிட் தன் ஆட்டோவில் வயதானவர்களை எங்கள் தெருவுக்கு மட்டும் ஏற்ற மாட்டேன் என்றான். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மட்டும் நிற்கவில்லை, பழைய ஆட்கள் வந்தார்கள், விசில் அடித்தார்கள், தும்மினார்கள், ஆனால் அக்கா ஒவ்வொருவர் கையையும் முகத்தையும் பயந்து பயந்து பார்த்துக்கொண்டே பரிமாறினாள், இவர்களில் யாருக்காவது அதுவும் வந்துவிடுமோ என்று. மோகனவேல் மகளின் கல்யாணத்தைத் தள்ளிவைத்துவிட்டான். சம்பந்தி வீட்டாரிடம் என்ன சொன்னானோ தெரியாது.

ஹேமா நடப்பதை நிறுத்திவிட்டாள். வீடு, டாக்டர் கிளினிக், வீடு. கிளினிக்கில் டோக்கன் வாங்க வருகிற பெரியவர்கள் பேச்சுக் கொடுத்தால்கூட முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள். அவளுக்கு அது பெரிய தண்டனை. நைனாவைத் தேடப்போய் இந்த ஊர்ப் பெரியவர்கள்மேல் அவளுக்கு ஆசை விழுந்திருந்தது, அவர்களுடைய மூட்டு வலியும் மருமகள் புகாரும் இல்லாமல் அவளுக்குப் பொழுது போகவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் டாக்டர் சாயங்காலத்துக்குள் ஏதோ மருந்துப் பெட்டி வாங்கிவரச் சொல்லி அவளைப் பகலிலேயே பாரிமுனைக்கு அனுப்பினார். அங்கே ரோட்டைக் கடக்க முடியாமல் ஒரு கிழவி நின்றாள். குள்ளமான உருவம், வெற்றிலை வாய், தார் ரோடு கொதிக்கிற வெயிலில் வெறுங்கால், கையில் ஒரு மஞ்சப்பை, பைக்குள்ளிருந்து பளபளவென்று ஒரு ஜோடிப் புதுச் செருப்பு எட்டிப்பார்த்தது.

"செருப்பு வச்சிருக்கீங்களே ஆயா, போட்டுக்கறதுதான?" என்றாள் ஹேமா, வாயை அடக்க முடியாமல்.

"ஐய, புதுசு. இந்த ரோட்ட பாத்தியா, இன்னா அழுக்கு. வூட்டுக்குப் போய் போட்டுக்குவேன்," என்றாள் கிழவி. "கைய புடி. இன்னும் எம்மா நேரம் இங்க நிக்கறது? இந்தக் காரெல்லாம் எங்க போவுது? வேலவெட்டி இல்ல போலக்குது."

பெயர் பூங்காவனம், வியாசர்பாடி. செருப்பு வாங்கத்தான் வந்தாளாம், பேரன் வாங்கிக் கொடுக்கிறேன் என்றானாம், அவன் எடுத்தால் பெரிய அளவாக எடுத்து அப்புறம் அவனே போட்டுக்கொள்வான் என்று தானே வந்துவிட்டாளாம். ஹேமா அவளோடு நடந்தாள். வெகு நாளைக்குப் பிறகு நடந்தாள். நடந்தவள் சோதித்துக்கொண்டே நடந்தாள். கூட்டத்துக்குள் போனார்கள், கிழவிக்கு விசில் வரவில்லை. பூக்கடைப் பக்கம் மிளகாய் மூட்டை நெடி அடித்துத் தும்மினாள், சின்னத் தும்மல், முருகா இல்லை. பல்லி விழுந்தால் பயப்படுவீர்களா என்று கேட்டாள், "அதுதான் என்னப் பாத்து பயப்படும்" என்றாள் கிழவி. உங்களுக்குத் தெரியாத யாருடைய ஞாபகமாவது வருகிறதா ஆயா என்று கேட்டாள். "என் ஞாபகமே எனக்கு வர மாட்டுது, நீ வேற" என்று பதில் வந்தது. ஹேமா சிரித்தாள். ரோட்டில் நின்று வாய்விட்டுச் சிரித்ததாக என்னிடம் சொன்னாள். இந்தக் கிழவியிடம் நைனாவின் ஒரு துளிகூட இல்லை, இவள் முழுக்க முழுக்க பூங்காவனம், அது அவளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். பசிக்கிறது என்று கிழவி சொன்னதும், வாங்க ஆயா எங்க வூட்ல ஒரு வாய் சாப்ட்டுப் போலாம் என்று கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

தெருமுனையில் சம்சுதீன் பாய் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"இவங்ககிட்ட ஒண்ணும் இல்ல பாய், நான் பாத்துட்டேன்," என்றாள் ஹேமா.

"இன்னாத்த பாத்த? என் பைய எதுக்கு பாத்த?" என்று கேட்டாள் கிழவி. பாய் சிரித்து வழிவிட்டார்.

நான் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். நாயகியக்கா அப்போதுதான் குளித்துவிட்டு வந்து, கண்ணாடி பார்க்காமல் அவசரமாக மோதிரவிரலால் குங்குமம் வைத்திருந்தாள். ஹேமா கிழவியைப் பற்றிச் சொல்ல, அக்கா வாங்கம்மா உக்காருங்க என்று தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். பூங்காவனம் சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்து, கீழே வைத்தாள். நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்தவள் கையை நீட்டி, அக்காவின் மூக்குமேல் சிந்தியிருந்த குங்குமத்தைச் சுண்டுவிரலின் பின்பக்கத்தால் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள், தட்டிவிட்டு அந்த விரலைத் தன் புடவைத் தோளில் துடைத்துக்கொண்டாள், ஆண்கள் சட்டையில் துடைத்துக்கொள்கிற மாதிரி.

கையை எடுத்த பிறகுதான் கிழவிக்கே உறைத்தது. "கை தானா வந்துச்சும்மா. தப்பா எடுத்துக்காத. இது மாதிரி யாருக்கும் நான் செஞ்சதில்ல," என்றாள்.

அக்கா கீழே இருந்த சொம்பை எடுத்து ஓரமாக வைத்தாள். அப்புறம், "தப்பில்லம்மா," என்றாள். "உக்காருங்க. பசியோட வந்திருக்கீங்க."

இலை போட்டாள். சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, அப்பளம். இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று கேட்டுக் கேட்டுப் போட்டாள், ரசம் ஊற்றினாள். கிழவி சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்டு, கை கழுவி, நல்லா இருந்துச்சு தாயே, உப்புதான் கொஞ்சம் கம்மி என்றாள். அக்கா வெற்றிலை வைத்துக் கொடுத்து, வாசல்வரை வந்து, டேவிட்டைக் கூப்பிட்டு வியாசர்பாடியில் இறக்கிவிடச் சொன்னாள். ஆட்டோ திரும்பிப் போகும்வரை நின்று பார்த்தாள்.

ஹேமா நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் அம்மா என்று மட்டும் கூப்பிட்டாள்.

"தெனம் டூட்டிக்குக் கெளம்பச்சொல்ல இப்டிதான் தட்டி வுடுவாரு," என்றாள் அக்கா. "நீங்கல்லாம் தூங்கிக்கினு இருப்பீங்க. ஒரு வார்த்த பேச மாட்டாரு. சண்டையா இருந்தாக்கூட தட்டி வுட்டுட்டுதான் படியெறங்குவாரு. காணாம போன அன்னிக்கிகூட."

"நான்தான்மா கூட்டினு வந்தேன். நான் கூட்டினு வராம இருந்திருந்தா..."

"நீ கூட்டினு வரலன்னாலும் அது அந்தம்மாகிட்டதான் இருந்திருக்கும். வூட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போச்சு, அவ்ளதான்."

பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் விழுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. முகத்தைப் புடவையால் துடைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது நான் எதிர்வீட்டு ஜன்னலில் நிற்க மாட்டாமல் அவர்கள் கூடத்துக்கே வந்துவிட்டிருந்தேன். இத்தனை வருஷமாகப் பொட்டு இருந்த இடம் மட்டும் வட்டமாகக் கறுத்துப்போயிருந்தது, தேய்த்த தேய்ப்பில் சுற்றிலும் சிவந்திருந்தது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. பேத்தி கல்யாணத்தைவிட ஒரு குங்குமம் பெரிசா என்று கேட்ட வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"அழாதடி," என்றாள் என்னிடம். பிறகு மகள் பக்கம் திரும்பி, "ஹேமா, உங்க அண்ணனுக்குப் போன் போடு. நைனா செத்துட்டாருன்னு சொல்லு. புல்லு வாங்கினு வரச் சொல்லு" என்றாள்.

ஹேமா போனை எடுத்தாள், எண் போட முடியாமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வாசலுக்கு வந்து தெருமுனையைப் பார்த்துக் கையை விரித்தேன். சம்சுதீன் பாய் நாற்காலியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, சாவு விழுந்த தெருவில் செய்கிற மாதிரி கடை ஷட்டரைப் பாதி இறக்கினார்.